மிக்கேலம்மாளின் கண்ணாடிக் கிரீடம்

கண்ணாடித் துண்டைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்துக்கொண்டு கத்தரிக்கோலால் நறுக்குகிறார் மிக்கேலம்மாள். வெளியே வைத்து நறுக்கினால் கண்ணில் தெறிக்கும். தண்ணீருக்குள் சொன்னபடி கேட்கும் என்கிறார். அலுமினியக் குண்டானுக்குள் இரண்டு கைகளும் முழங்கைவரை மூழ்கியிருக்கின்றன. பக்கத்து அடுப்பில் புளியங்கொட்டைப் பசை கொப்புளம் விடுகிறது. நறுக்கிய துண்டை முந்தானையில் துடைத்து, பசை தடவி, கிரீடத்தின் நெற்றியில் ஒட்டிப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்கிறார். ஜெபம் முடிந்தால் பசை பிடித்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அந்தச் சின்னக் கண்ணாடியில் தன் மூக்கைப் பார்க்கிறார். கோணலாகத் தெரிந்தால் பிடுங்கிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து.

"மூக்கு நேராத் தெரியணும்ங்க. ராஜாவப் பாக்க வர்றவன் அதுல தன்னோட மூஞ்சியையும் பாக்கறானில்ல?"

பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் பின்னால் அவருடைய ஓட்டு வீடு. நாடகம் போடுகிற ஊர்களுக்கு உடுப்புகளையும் அணிகளையும் வாடகைக்குக் கொடுப்பது தொழில். மாமனார் காலத்தில் தொடங்கியது. வெல்வெட் அங்கிகள் ஒரு பெட்டியில், டோப்பாவும் தாடி மீசையும் ஒன்றில், புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் இன்னொன்றில் என்று தகரப் பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருக்கின்றன. கிரீடத்துக்கு மட்டும் தனியாக ஒரு மரப்பெட்டி. கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, ஜிகினா ஒட்டி, கண்ணாடி பதித்த ஒரே கிரீடம். கணவர் சவரிராயன் தையலும் ஒப்பனையும் செய்கிறார். வேடக்காரரின் முகம் கணவர் பொறுப்பு. நெற்றிக்கு மேலும் கழுத்துக்குக் கீழும் மனைவி பொறுப்பு. இந்த எல்லையை இருவரும் தாண்டி நான் பார்த்ததில்லை. ஒருநாள் சவரிராயன் ஒரு மந்திரியின் தலைப்பாகையைச் சரிசெய்யப் போனபோது, "ஏங்க, மூஞ்சியோட நில்லுங்க" என்று ஒரு குரல் வந்தது. கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

தகரப் பெட்டிகள் பஸ்ஸின் மேலே போகும். கிரீடப் பெட்டி போகாது. அது மிக்கேலம்மாளின் மடியில் உட்கார்ந்துதான் பயணம் செய்யும். பென்னாகரம் வழியில் ஓடும் பஸ்களின் கண்டக்டர்களுக்கெல்லாம் இது தெரியும்.

"எத்தன டிக்கெட்டுக்கா?"

"எனக்கு ஒண்ணு. அவருக்கு ஒண்ணு. ராஜாவுக்குப் பாஸு."

பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்த ஓர் அம்மாள், பெட்டியைக் காலடியில் வைத்தால் என்ன என்று கேட்டதற்கு, "கோழிக் கூடைன்னா வெப்பேன் ஆயா. இது நாளைக்கி ஒரு மனுசன் தலைக்குப் போறது" என்றார்.

கிரீடம் வாடகைக்குப் போகும் ஊர்களுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. கிரீடம் ஏறிய பிறகு வேடக்காரர் குனியக் கூடாது. கிரீடம் இறங்கும்வரை அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கேட்பவர்கள் இதை ஏதோ சாமி காரியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே தொழில் காரியம். கண்ணாடிகளின் பாரம் முழுவதும் முன்பக்கம் இருக்கிறது. குனிந்தால் கிரீடம் சரிந்து, துண்டுகள் உதிரும். பெயருக்கும் காரணம் இருக்கிறது.

"பேரச் சொல்லிக் கூப்ட்டா வெடுக்குனு திரும்புவான். கட்டு அவுந்துரும். ராஜான்னு கூப்ட்டுப் பாருங்க, மெதுவாத்தான் திரும்புவான்."

மிக்கேலம்மாள் குள்ளம். வேடக்காரர் குனிய முடியாது என்பதால் அவர்தான் தகரப் பெட்டிமேல் ஏறி நின்று கிரீடம் சூட்டுவார். சூட்டியதும் மோவாயை இரண்டு விரலால் தொட்டு ஒரு அங்குலம் தூக்கிவிட்டு இறங்குவார்.

சண்டை முதலில் அவருடைய சொந்தக் கோயிலில்தான் வந்தது. கிறிஸ்துமஸுக்கு மூன்று ராஜாக்கள் நாடகம். நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் வசிக்கும் மேலத் தெருவிலிருந்துதான் மூன்று ராஜாக்களும் வரவேண்டும், ஆடு மேய்ப்பவர்கள் வேண்டுமானால் கீழ்த் தெருவிலிருந்து வரட்டும் என்பது வழக்கம். மிக்கேலம்மாளும் மேலத் தெருக்காரர்தான். ஒத்திகையின்போது எழுந்து நின்றார்.

"மூணு ராஜாவும் மூணு தேசத்துலருந்து வந்தாங்கன்னு சாமியாரு பிரசங்கத்துல சொல்றாரு. நீங்க ஒரே தெருவுலருந்து மூணு பேரையும் அனுப்பறீங்க. அண்ணன் தம்பி மாதிரி ஒட்டுக்கா நடந்து வந்தா ஏசு பாலனே சிரிச்சுப்புடுவாரு."

சிரித்தது ஏசு பாலன் அல்ல, பங்குச் சாமியார். அந்த வருஷம் ஒரு ராஜா கீழ்த் தெருவிலிருந்து வந்தார். மேலத் தெரு மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசியது. உறவுக்குள் நடந்த சண்டை என்பதால் அதோடு போயிற்று. அடுத்த சண்டை அப்படிப் போகவில்லை.

போன வருஷம், அறுபத்தொன்பதாம் ஆண்டுப் பங்குனி. மேற்கே ஓர் ஊர். பெயர் இங்கே வேண்டாம். அந்த ஊர்க் காலனி இளைஞர்கள் மாரியம்மன் பண்டிகைக்கு முதன்முதலாக நாடகம் போட்டார்கள். அவர்களே சேர்ந்து கட்டிய கதை. வறண்ட நாட்டில் பெரிய மனிதர்கள் ஏரியை அடைத்து வைத்திருக்கிறார்கள். புதிதாகப் பட்டத்துக்கு வரும் ராஜா, எல்லார் வயலுக்கும் ஏரியைத் திறந்துவிடச் சொல்கிறான். ராஜா வேடம் மாதுவுக்கு. நஞ்சப்ப கவுண்டரின் பண்ணையில் ஏர் ஓட்டுபவர். நல்ல உயரம். ஆனால் அந்த உயரத்தை ஊருக்குள் யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. தோள் துண்டை இடுப்பில் கட்டி, கழுத்தை மடித்தே நடப்பார்.

பட்டாபிஷேகக் காட்சிக்கு வரும்போது நன்றாக விடிந்துவிட்டது. கிழக்கு வெயில் நேராகக் கிரீடத்தில் விழுந்து, உட்கார்ந்திருந்தவர்களின் மேலெல்லாம் வெளிச்சப் புள்ளிகள் ஓடின. அந்த நேரத்தில், வயலுக்குப் புறப்பட்ட நஞ்சப்ப கவுண்டர் களத்தோரமாக வந்து நின்றார். உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்தது. துண்டுகள் தோளை விட்டு இறங்கின. மத்தளம் நின்றது. மேடையில் பள்ளிக்கூட நாற்காலியில் வீற்றிருந்த ராஜாவும் எழுந்தார். கை தானாகத் தோளுக்குப் போயிற்று. அங்கே துண்டு இல்லை, வெல்வெட் அங்கிதான் இருந்தது. கழுத்து முன்னால் மடியத் தொடங்கியது.

பக்கத் திரையிலிருந்து மிக்கேலம்மாள் கத்தினார்: "ராஜா! குனியாதீங்க! கண்ணாடி உதுந்துரும்!"

மாதுவின் கழுத்து பாதியில் நின்றது.

கவுண்டருக்கும் காதில் விழுந்தது. அவர் கோபக்காரர் அல்ல; நிதானமாகவே பேசினார். "உதுந்தா உதுரட்டும்மா. கண்ணாடிதான, நான் வாங்கித் தர்றேன். அவன் எப்பவும் போல இருக்கட்டும்."

"வாங்கித் தந்துருவீங்க, கவுண்டரே. கீழ உதுந்தத யாரு பொறுக்கறது? பொறுக்கறவங்க குனியணும்ங்களே! நீங்க பொறுக்குவீங்களா?"

முன்வரிசையில் ஒரு கிழவி சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. அவரிடமிருந்து பக்கத்துக்குத் தொற்றி, அங்கிருந்து பின்வரிசை வரை போயிற்று. மாது மெதுவாக நிமிர்ந்தார். கவுண்டரின் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் தலைக்கு மேலே ஏரி இருக்கும் பக்கம் பார்த்து, தன் கடைசி வசனத்தைச் சொன்னார்: "மதகத் தெறங்கடா!" மத்தளக்காரருக்கு உயிர் வந்தது. கவுண்டர் வயலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மாதுவுக்குப் பண்ணையில் வேலை இல்லை. அவர் ஒகேனக்கல் சாலையில் ஜல்லி போடும் வேலைக்குப் போனார். வழியில் பார்ப்பவர்கள், "ராஜாவுக்குக் கழுத்து புடிச்சுக்கிச்சு, எண்ணெ போட்டு நீவுங்கடா" என்று கேலி செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே போனார். துண்டு தோளில்தான் இருந்தது.

"கிரீடத்த நான் எறக்கிட்டேன். கழுத்த அவரு எறக்கல" என்கிறார் மிக்கேலம்மாள். இதைச் சொல்லும்போது குரலில் பெருமை ஒன்றும் இல்லை. தைத்துக் கொடுத்த சட்டை அளவாக இருக்கிறது என்பதுபோல்தான் சொல்கிறார்.

ஒரு வாரம் கழித்துப் பச்சியப்பன் வந்தார். சுற்றுப்பட்டு ஊர்களின் கோயில் காரியங்களைப் பார்ப்பவர். மிக்கேலம்மாளின் தொழிலில் முக்கால் பங்கு அந்த ஊர்களை நம்பித்தான். மோர் வாங்கிக் குடித்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. அவங்களும் நாடகம் போடட்டும், வேணாங்கல. அவங்களுக்குன்னு தனியா ஒரு கிரீடம் செஞ்சு வெச்சுரு. கட்டை வேணும்னா நாங்களே வெட்டித் தர்றம். அவங்க தலையில ஏறுனது எங்க சாமி முன்னால வேணாம்னு பெரியவங்க சொல்றாங்க."

"ரெண்டு கிரீடம் செஞ்சா அதுல ஒண்ணு கிரீடம் இல்லீங்க. தொப்பி."

"அப்பிடிச் சொன்னா எப்பிடி? ஊரு ஊரா முடிவெடுத்துட்டாங்க. தனியா வெக்கலைன்னா, உங்கிட்ட வாங்கறதில்லைன்னு."

"சேலத்துல நெறையாச் செட்டு இருக்குதுங்க. போய் வாங்கிக்கோங்க. மோரு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"

அவர் போனதும் சவரிராயன் பொறுமினார். "ஏ மிக்கேலு, கல்யாண முருங்கைக்கா பஞ்சம்? ஒண்ணு செதுக்கிப் போட்டா முடிஞ்சுது. பொட்டிய மூடி வெச்சுட்டு எதைத் திங்கறது?"

"செதுக்குங்க. செதுக்கி எனக்கு வெச்சு விடுங்க. எது ராஜாவோடது, எது மத்தவனோடதுன்னு நீங்களே சொல்லுங்க."

சவரிராயன் செதுக்கவில்லை. ஆனால் பேசாமலும் இருக்கவில்லை. அந்தப் பருவம் முழுவதும் தினமும் ஒருமுறை, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து, "இன்னிக்கும் களிதானா, ராஜாவுக்கு?" என்று கேட்டுவந்தார்.

பருவம் முழுவதும் ஊர்களிலிருந்து ஒருவரும் வரவில்லை. மிக்கேலம்மாள் மண்டியில் புளிக்குக் கொட்டை எடுக்கப் போனார். சிறு சுத்தியலால் தட்டி, கொட்டையைப் பிரித்துக் குவிக்கும் வேலை. மாலையில் திரும்பும்போது முந்தானையில் ஒரு படி கொட்டை இருக்கும். "பசைக்கு ஆச்சு" என்பார். நாடகமே இல்லாத வருஷத்தில் பசை எதற்கு என்று கேட்ட பக்கத்து வீட்டு லூர்தம்மாளிடம், "ராஜா தூங்கறாரு. எந்திரிக்கறப்ப மூஞ்சி நல்லாருக்க வேணாமா?" என்றாராம்.

ராஜா அதிக நாள் தூங்கவில்லை. மாது ஜல்லி போட்ட சாலையில் பல ஊர்க் காலனி ஆட்களும் வேலை செய்தார்கள். கவுண்டர் வந்து நின்றதும் கண்ணாடிக்காக மாது குனியாமல் நின்றதுமான கதை, தார் டின்னோடு சேர்ந்து சாலை நெடுக நகர்ந்தது. ஆடி முடிந்ததும் முதல் ஆள் வந்தார். அதற்குப் பிறகு பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்தும் சித்தேரி மலையடிவாரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். நாடகமே போட்டறியாத காலனிகள், கிரீடத்துக்காக நாடகம் கட்டின. "அந்தக் கண்ணாடிக் கிரீடந்தான வேணும், வேற ஏதாச்சும் குடுத்து ஏமாத்தாதீங்க" என்று ஒருவர் கறாராகக் கேட்டாராம். ராஜாக்கள் பலவிதம். ஒருவர் கள்ளுக்கடையை மூடினார். ஒருவர் மந்திரியின் மகளைக் கூலிக்காரருக்குக் கட்டிவைத்தார். எல்லா ராஜாக்களும் நிமிர்ந்து நின்றார்கள். மோவாயைத் தூக்கிவிட மிக்கேலம்மாள் ஒவ்வொருவருக்கும் பெட்டிமேல் ஏறினார்.

இதற்கு நடுவில் அவர் ஒரு வழக்கத்தை விட்டார். அதைத்தான் இந்த விவகாரத்தில் முக்கியமான காரியமாக நான் நினைக்கிறேன். கிரீடத்தின் உட்புறம் தலையில் உறுத்தாமல் இருக்க ஒரு துணி வைப்பார்கள். வேர்வை ஊறுவதால் ஒவ்வொரு ஊருக்கும் புதுத் துணி மாற்றித் தைப்பது மிக்கேலம்மாளின் வழக்கம். சந்தையில் ஊர்க்கார அம்மாள் ஒருத்தி அவரை மெச்சிக்கொண்டாள்: "நீ வெவரமானவ, மிக்கேலம்மா. அவங்கவங்களுக்குத் தனித்தனியாத் துணி வெச்சுர்றே. அதனாலதான் அந்தச் சண்டைக்கு முந்தி எங்க ஆளுங்க ஒண்ணும் சொல்லாம இருந்தாங்க."

அன்று வாங்க வந்த மிளகாயை வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினார். தான் வேர்வைக்காகச் செய்ததை அவர்கள் சாதிக்காகச் செய்ததாக எடுத்துக்கொண்டு, இத்தனை வருஷமும் நிம்மதியாகத் தலையில் வைத்திருக்கிறார்கள். கிரீடத்தைக் கவிழ்த்தார். தடித்த காடாத் துணி ஒன்றை உள்ளே வைத்து, நாலு இழை நூலால், பிரிக்க முடியாதபடி நெருக்கித் தைத்தார். சவரிராயனின் தையலையே நம்பவில்லை. இப்போது அந்தத் துணி மாறுவதில்லை. ஒவ்வொரு நாடகத்துக்குப் பிறகும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் துடைத்து வெயிலில் காயவைக்கிறார். வேர்வை போய்விடுகிறது. எண்ணெய்க் கறை போவதில்லை. வட்டத்தின்மேல் வட்டமாகப் படிந்திருக்கிறது. யார் கேட்டாலும் கவிழ்த்துக் காட்டுகிறார்.

இந்தப் பங்குனியில், ஒரு மத்தியானம், நான் அங்கே இருந்தபோது வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. நஞ்சப்ப கவுண்டரின் தம்பி ராஜப்பன். ஊர் நாடகத்தில் வருஷா வருஷம் அவர்தான் ராஜா. நல்ல குரல், அதைவிட நல்ல மீசை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தகரப் பெட்டிகளைப் பார்ப்பதுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேலத்துச் செட்டு எப்பிடிங்க இருந்துச்சு?" என்று மிக்கேலம்மாளே தொடங்கினார்.

"கேக்காதீங்கக்கா. அட்டைக் கிரீடம். ரெண்டாவது பாட்டுல வேர்த்து ஊறிக் கண்ணு மேல எறங்கிருச்சு. ஒரு கையில புடிச்சுக்கிட்டே சண்டை போட்டேன். 'ராஜாவுக்குத் தலவலியா'ன்னு கேக்கறானுங்க."

சவரிராயன் தையல் மிஷினுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"இந்த வருசம் உங்க கிரீடந்தான் வேணும்னு சொல்லிட்டேன். எங்கண்ணன் ஒரு நாளு பூராப் பேசல. அப்பறம் சரின்னுட்டாரு. ஊருலயும் சரின்னுட்டாங்க." ராஜப்பன் சைக்கிளில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தார். கடை மடிப்புக் கலையாத புது மல். "ஒண்ணே ஒண்ணுதான்க்கா. இத உள்ள வெச்சு நாலு தையல் போட்டுக் குடுத்துருங்க. பழசப் பிரிக்க வேணாம். மேலாக்க வெச்சாப் போதும். யாருக்கும் தெரியாது."

மிஷின் சத்தம் நின்றுவிட்டது. சவரிராயன் மனைவியைப் பார்த்தார். சுற்றுப்பட்டு ஊர்கள் அத்தனையும் அந்தத் துணியோடு சேர்ந்து வாசலில் நின்றன. நாலு தையல் போட்டால் அத்தனையும் உள்ளே வந்துவிடும்.

மிக்கேலம்மாள் துணியை வாங்கினார். விரலால் நெருடிப் பார்த்தார்.

"நல்ல துணிங்க. தர்மபுரியிலயா வாங்குனீங்க?"

"ஆமாங்க்கா."

மரப்பெட்டியைத் திறந்து கிரீடத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மல் துணியை உதறிப் பிரித்தார். அதன் ஒரு முனையை விரலில் சுற்றி, நெற்றிக் கண்ணாடியிலிருந்து தொடங்கித் துடைத்தார். ஜிகினாவின் இடுக்கு, பசை வழிந்து காய்ந்த ஓரம், பின்பக்கத்து ஒட்டடை என்று ஒன்றையும் விடவில்லை. அவசரப்படவும் இல்லை. முனை கறுத்ததும் அடுத்த முனையைச் சுற்றிக்கொண்டார்.

"அக்கா, அது வந்து..." என்றார் ராஜப்பன்.

மிக்கேலம்மாள் கிரீடத்தைக் கவிழ்த்து, உட்புறம் மேலே தெரியும்படி அவர் முன்னால் நீட்டினார். காடாத் துணியில் எண்ணெய் வட்டங்கள் தெரிந்தன. ராஜப்பன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மீசையை ஒருமுறை தடவினார். பிறகு இரண்டு விரலை உள்ளே விட்டு, துணியின் கனத்தை அழுத்திப் பார்த்தார்.

"உறுத்தாதுங்களா?"

"இதுவரைக்கும் யாரும் சொல்லலீங்க."

ராஜப்பன் விரலை வெளியே எடுத்தார். "சரி. சனிக்கெழம வண்டி அனுப்பட்டுங்களா?"

"வண்டி எதுக்குங்க? பஸ்ஸுலயே வந்துருவோம்."

ராஜப்பன் தலையாட்டிவிட்டு வெளியே போய் சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளினார். மிக்கேலம்மாள் கிரீடத்தைச் சவரிராயன் கையில் கொடுத்துவிட்டு, அழுக்கான மல் துணியை நாலாக மடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். அதைக் கேரியரில் வைத்து, விழாதபடி ஸ்பிரிங்கை இழுத்து விட்டார்.